அப்படியே பாடினால் அது கவர் ஆகுமா?

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் மாசியில் தொடங்கி ஆடி முடியும்வரை ஏதாவது ஓர் ஊரில் திருவிழா நடந்துகொண்டே இருக்கும். திருவிழா என்றால் ஓர் இரவாவது மெல்லிசைக் கச்சேரி இருக்க வேண்டும். அந்த மேடையில் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு, "கேசட்ல கேட்ட மாதிரி அப்படியே இருந்துச்சுப்பா" என்பதுதான். கேசட் போய், சிடி போய், எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. பாராட்டு மட்டும் மாறவில்லை. இடையிசையில் வரும் புல்லாங்குழல் பிட்டைக் கீபோர்டில் ஒரு சுரம் தப்பாமல் எடுத்துவிட்டால், விழாக் கமிட்டிக்காரர் மேடைக்கே வந்து சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார்.

ஒத்திகை முடிந்து ஒயர்களைச் சுருட்டி வைத்த பிறகு, நாங்கள் சிலபேர் பழைய ராக் கச்சேரி வீடியோக்களை ஒருவருக்கொருவர் போட்டுக் காட்டுவோம். "இந்த டிரம்மரைப் பாரு", "இந்த இடத்துல பேஸ் மட்டும் கேளு" என்று ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. குழுவுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு அப்போது ஒரு சந்தேகம் வரும். "இவங்களும் வேற ஒருத்தர் பாட்டைத்தானே பாடறாங்க? நாமளும் அதைத்தானே பண்றோம்? அப்ப நாமளும் கவர் பேண்டு தானாண்ணா?"

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் குரலில், தன் வாத்தியங்களோடு மறுபடி பாடினால் அது கவர். மேடையில் பாடினாலும் சரி, பதிவு செய்தாலும் சரி. இந்தக் கணக்குப்படி நாங்களும் கவர் குழுதான், சந்தேகமே இல்லை. ஆனால் ராக் கேட்கிறவர்கள் ஒரு கவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடும்போது அவர்கள் பார்ப்பது வேறு ஒன்றை. முதல் பதிவில் ஒளிந்து கிடந்த எதையாவது இந்தப் புதுப் பதிவு வெளியே எடுத்துப் போட்டிருக்கிறதா? மெட்டும் வரியும் அதேதான், ஆனால் பாட்டின் பொருள் நகர்ந்திருக்கிறதா? அப்படி எதுவும் இல்லாமல் அச்சு அசலாகப் பாடியிருந்தால், கை தட்டிவிட்டு மூலப் பதிவையே கேட்கப் போய்விடுவார்கள்.

கரோக்கி ட்ராக்கின்மேல் பாடுவது இதில் சேராது. வாத்தியத்தில் எந்த முடிவையும் நாம் எடுப்பதில்லையே. ரீமிக்ஸ் என்பது பெரும்பாலும் இருக்கிற பதிவையே வெட்டி ஒட்டித் தாளத்தைக் கூட்டுவது. ஆனால் தமிழ்நாட்டில் ரீமிக்ஸ் என்று நாம் சொல்வதில் பல, கண்டிப்பாகப் பார்த்தால் கவர்தான். 1970இல் 'சொர்க்கம்' படத்துக்காக டி.எம்.எஸ். பாடிய 'பொன்மகள் வந்தாள்', 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் புதுக் குரலோடு வந்தது. எல்லோரும் ரீமிக்ஸ் என்றார்கள். போகட்டும்.

ராக் உலகில் இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நம் சினிமாவில் மெட்டு ஒருவருடையது, வரி ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பாட்டு பாடகருக்கே சொந்தம் என்று நாம் நினைப்பதில்லை. அமெரிக்காவிலும் 1950கள்வரை ஏறக்குறைய அப்படித்தான். எழுதுவதற்கென்று ஆட்கள் இருப்பார்கள், ஒரே பாட்டைப் பலர் பாடி விற்பார்கள். அதில் அசிங்கமான பக்கமும் உண்டு. கறுப்பினப் பாடகர் ஒருவர் பாடிய பாட்டை உடனே ஒரு வெள்ளையரைக் கொண்டு மிதமாகப் பாடவைத்து, வெள்ளையர் வானொலிகளுக்கு அனுப்புவார்கள். லிட்டில் ரிச்சர்டு 1955இல் 'டுட்டி ஃப்ரூட்டி'யை வெளியிட்டார். அடுத்த ஆண்டே பேட் பூன் பாடிய பதிப்பு விற்பனைப் பட்டியலில் அவரைத் தாண்டி மேலே போனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சிரிப்புதான் வரும். ஒன்றில் ஆள் தொண்டை கிழியக் கத்துகிறார், இன்னொன்றில் இஸ்திரி போட்ட சட்டை மடங்காமல் பாடுகிறார்.

1960களில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனும் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவும் வந்த பிறகு நிலைமை மாறியது. எழுதுகிறவரே பாடுவதுதான் மரியாதை என்றாகிவிட்டது. அவர்களேகூட அடுத்தவர் பாட்டில்தான் தொடங்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1963இல் வந்த பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, அதில் 6 கவர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தனிப்பாட்டாக வெளியிட்ட முதல் சிங்கிளே சக் பெர்ரியின் பாட்டு. 2003 ஏப்ரலில் இதே ஸ்டோன்ஸ் பெங்களூரு பேலஸ் மைதானத்தில் வாசித்தார்கள், கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில். சரி, விஷயத்துக்கு வருவோம். பாட்டு ஒருவரின் சொந்தக் குரலாக ஆகிவிட்ட பிறகு, அதை இன்னொருவர் எடுத்துப் பாடினால் "ஏன் பாடினாய், புதிதாக என்ன செய்தாய்?" என்று கேட்காமல் யாரும் விடுவதில்லை.

இந்தக் கேள்வி நம்ம பக்கத்து ஆட்களுக்குப் புதிதும் அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். துகில் உரியும் காட்சியில் அடுத்து என்ன நடக்கும் என்பது முன்வரிசையில் தூங்கி விழும் குழந்தைக்கும் தெரியும். கதை தெரிந்தே உட்காருகிறார்கள். இந்த ஜமா, அதாவது கூத்துக் குழு, துச்சாதனனை எப்படிக் கட்டியிருக்கிறது, இந்த ஆள் பாஞ்சாலி வேஷத்தில் எந்த இடத்தில் குரலை உடைக்கிறார் என்பதற்காகத்தான் விடியும்வரை இருக்கிறார்கள். நல்ல கவரைக் கேட்கும் காதும் அதே காதுதான்.

மூலமும் கவருமாக முதலில் கேட்க வேண்டிய ஜோடி எது என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்காமல் 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' என்பேன். பாப் டிலன் எழுதிப் பாடி, 1967 டிசம்பர் கடைசியில் வந்த ஆல்பத்தில் இருப்பது. இரண்டரை நிமிடப் பாட்டு. மின்சாரம் சேராத ஓர் அக்கூஸ்டிக் கிட்டார், மவுத் ஆர்கன், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். ஏ மைனரில் வைத்துப் பார்த்தால் ஏ மைனர், ஜி, எஃப் என்று மூன்றே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) கடைசிவரை சுற்றிச் சுற்றி வரும். பல்லவி கிடையாது. ஒரு கோமாளியும் ஒரு திருடனும் பேசிக்கொள்கிறார்கள், கடைசியில் தூரத்தில் இரண்டு குதிரைக்காரர்கள் வருகிறார்கள், காற்று ஊளையிடத் தொடங்குகிறது, பாட்டு முடிந்துவிடுகிறது. கதை தொடங்கப்போகிற இடத்தில் கதவைச் சாத்திவிடுகிறார் டிலன்.

ஆல்பம் வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1968 ஜனவரியில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை எடுத்துக்கொண்டார். கார்ட் அதேதான், வரியும் ஏறக்குறைய அதேதான். முதல் நான்கு நொடியிலேயே வேறு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். டிலன் பதிவில் ஒவ்வொரு சரணத்துக்கும் இடையில் மவுத் ஆர்கன் வருகிறதல்லவா, ஹெண்ட்ரிக்ஸ் மாற்றியது முக்கியமாக அந்த இடைவெளியைத்தான். அங்கெல்லாம் மின்கிட்டார் பேசுகிறது. நடுவில் வரும் நீண்ட சோலோவை, அதாவது கிட்டாரின் தனி வாசிப்பை, உன்னித்துக் கேளுங்கள். அது ஒரே மூச்சாக வருவதல்ல, நான்கு துண்டு. முதலில் சாதாரணமாக, அடுத்து கம்பியின்மேல் வழுக்கிக்கொண்டு போகும் ஸ்லைடு, அப்புறம் காலால் மிதித்து ஓசையை வளைக்கும் வா-வா பெடல், கடைசியில் கார்டுகளை வெட்டி வெட்டி அடிக்கும் ரிதம். ஒவ்வொரு துண்டுக்கும் கிட்டாரின் குரலே வேறு. மேடையில் நால்வர் மாறி மாறிப் பேசுகிற மாதிரி. பதிவின்போது பேஸ் வாசிப்பவர் நோயல் ரெடிங் சலித்துப்போய் வெளியே போய்விட, பேஸையும் ஹெண்ட்ரிக்ஸே வாசித்தார். பேஸ்காரர்கள் ஒருமுறை அதை மட்டும் தனியாகக் கவனியுங்கள், லீட் கிட்டாரிஸ்ட் மனதில் பாட்டு எப்படி ஓடியது என்று பிடிபடும்.

டிலன் காற்று ஊளையிடுகிறது என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். ஹெண்ட்ரிக்ஸின் கிட்டார் அங்கே உண்மையிலேயே ஊளையிடுகிறது. டிலன் சாத்திய கதவை இவர் திறந்துவிட்டார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. டிலன் தன் பாட்டைத் திருப்பிக் கேட்கவில்லை, ஹெண்ட்ரிக்ஸ் பக்கம் தானே போய்விட்டார். 1974 சுற்றுப்பயணத்திலிருந்து அவர் இந்தப் பாட்டை மேடையில் வாசிப்பது ஹெண்ட்ரிக்ஸ் பாணிக்கு நெருக்கமாகத்தான். ஹெண்ட்ரிக்ஸ் இறந்த பிறகு அவர் வழியிலேயே வாசித்து வருவதாக டிலனே சொல்லியிருக்கிறார். டிலன் மேடையில் மிக அதிகமுறை வாசித்த பாட்டும் இதுதான்.

இங்கே மாறியது வாத்தியமும் ஓசையும். அடுத்து தாளத்தை மாற்றிய ஒருவர்.

'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' 1967இல் பீட்டில்ஸ் வெளியிட்டது. டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பாடுவதற்கென்றே லெனனும் மக்கார்ட்னியும் எழுதியது. ரிங்கோவுக்குக் குரல் அதிகம் ஏறாது, அதனால் மெட்டு ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே நடக்கும். நான்கு அடித் தாளம், தகதிமி தகதிமி என்று சந்தோஷமாகப் போகும். மாலை நேரத்தில் நண்பர்களோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாடலாம்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக்காரர் ஜோ காக்கர் 1968இல் இதைத் தகிட தகிட என்று மூன்றில் போட்டார். வேகத்தையும் பாதியாக்கினார். நம் ஆட்கள் திஸ்ரம் என்று சொல்வதுதான். நான்கில் ஓடிக்கொண்டிருந்ததை மூன்றில் போட்டால் அடிக்கும் அடிக்கும் நடுவே ஊசலாடும் இடம் ஒன்று கிடைக்கும். அந்த இடத்தில்தான் காக்கர் அலறுகிறார், கெஞ்சுகிறார், மூச்சு வாங்குகிறார். ஆர்கன் மெதுவாகத் தொடங்கி வைக்க, ஜிம்மி பேஜ் கிட்டாரோடு நுழைவார், அவருடைய லெட் ஜெப்பலின் குழுவுக்குப் பெயர் வருவதற்கு முன்னால். பின்னணியில் பெண்கள் கேள்வி கேட்கிறார்கள், இவர் பதில் சொல்கிறார். ரிங்கோ பாடும்போது அந்தக் கேள்விகள் நண்பர்களின் கேலி. காக்கர் பாடும்போது அவை விசாரணை. 1968 நவம்பரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

ஸ்டுடியோ பதிவைக் கேட்ட கையோடு 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில் அவர் பாடியதையும் பாருங்கள். கையில் வாத்தியம் இல்லை, ஆனால் அங்கே இல்லாத ஒரு கிட்டாரை அவர் கைகள் வாசித்துக்கொண்டே இருக்கும். எங்கள் குழுவில் முதல்முறை பார்க்கும் எவரும் சிரிக்காமல் இருந்ததில்லை. பாட்டு முடியும்போது சிரித்தவர் யாரும் இல்லை. மேடையில் பெண்கள் குழு இல்லாததால் வாத்தியக்காரர்களே உச்சக் குரலில் அந்தக் கேள்விகளைப் பாடிச் சமாளிக்கிறார்கள். திருவிழா மேடையில் கோரஸ் பாட ஆளில்லாமல் தபலாக்காரரை மைக்குக்கு இழுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அவர் இறங்கிய சற்று நேரத்தில் புயல்மழை வந்து விழாவே சில மணி நேரம் நின்றுபோனது தனிக் கதை.

பாடுகிறவர் மாறினாலே பொருள் தலைகீழாகிவிடும் என்பதற்கு 'ரெஸ்பெக்ட்'. இது ராக் அல்ல, கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசை. ஆனால் கவர் பற்றிப் பேசும்போது இதை விட முடியாது. ஓட்டிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடினார். உழைத்துக் களைத்து வீட்டுக்கு வரும் ஆண், தனக்கு மரியாதை வேண்டும் என்று கேட்கிறான். 1967இல் அரேதா ஃப்ராங்க்ளின் பாடியபோது கேட்பது பெண். சம்பாதிப்பதும் அவள்தான், நிபந்தனை போடுவதும் அவள்தான். தலைப்பை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற இடம் ரெடிங்கின் பதிவில் கிடையவே கிடையாது. அரேதாவின் பதிவுக்காகச் சேர்த்தது. இன்றைக்கு அந்தப் பாட்டு என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். அந்த ஆண்டு ஜூனில் மான்டெரே இசை விழா மேடையில் இந்தப் பாட்டைத் தொடங்கும்முன், ஒரு பெண் இதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்ற பொருளில் ரெடிங்கே சிரித்துக்கொண்டு சொல்வார். தோற்ற முகமாகத் தெரியவில்லை.

வாத்தியம், தாளம், ஆள். இந்த மூன்றையும்விட வயதாலேயே பாட்டின் பொருளை மாற்றியவர் ஜானி கேஷ். 'ஹர்ட்' பாட்டை தன் நைன் இன்ச் நெயில்ஸ் குழுவுக்காக எழுதிய டிரென்ட் ரெஸ்னருக்கு அது 1994இல் வெளிவந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. தன்னையே அழித்துக்கொள்ளும் ஓர் இளைஞனின் பாட்டு, கடைசியில் பெரும் இரைச்சலில் போய் முடியும். கேஷ் 2002இல் பாடியபோது வயது 70, உடல் தளர்ந்திருந்தது. அக்கூஸ்டிக் கிட்டார், பியானோ, நடுங்கும் குரல். ஒரு கெட்ட வார்த்தை வரும் இடத்தில் முள் கிரீடம் என்று மாற்றினார், வரியில் வேறு எதையும் பெரிதாகத் தொடவில்லை. இளைஞன் சொன்னால் விரக்தியாக இருந்த வரி, கிழவர் சொன்னால் கணக்கு முடிப்பதாகிவிடுகிறது. ரெஸ்னருக்கு முதலில் இதில் தயக்கம் இருந்தது. வீடியோவைப் பார்த்த பிறகு, இது இனி என் பாட்டல்ல என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கேஷ் காலமானார்.

எல்லாக் கவரும் இப்படி அமைவதில்லை. ஒரு பாட்டை எல்லோரும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'ஹலேலூயா'வைப் பாருங்கள். லெனார்ட் கோஹன் 1984இல் வெளியிட்டது. அவர் பதிவில் கனத்த குரல், பின்னால் கோரஸ். 1991இல் ஜான் கேல் அதைப் பியானோவில் எடுத்துக்கொண்டார். கோஹனிடம் வரிகள் கேட்டபோது ஃபேக்ஸில் பதினைந்து பக்கம் வந்ததாம், அதிலிருந்து தனக்கு வேண்டிய சரணங்களைப் பொறுக்கிக்கொண்டார். 1994இல் ஜெஃப் பக்லி மின்கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடியது கேல் பொறுக்கிய சரணங்களை. பிறகு டிவி பாட்டுப் போட்டிகளில் ஆளுக்கு ஆள் பாடியது பக்லியை. ஆக, நகலின் நகலுக்கு நகல். கோஹன் பதிவை முதலில் கேட்காமலேயே இதைப் பாடுகிறவர்கள் அதிகம் என்பது என் எண்ணம். குரலை எட்டுத் திசையிலும் வளைத்து அலங்காரம் செய்துவிட்டால் புதிதாகச் செய்துவிட்டதாக ஆகாது. அந்தப் பாட்டுக்கு நான் பத்து வருட விடுமுறை கொடுப்பேன்.

ஸ்டுடியோ பதிவுகளைவிட மேடைப் பதிவுகளை நாங்கள் அதிகம் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டுடியோவில் பத்துமுறை வாசித்து நல்லதை வைத்துக்கொள்ளலாம். மேடையில் எடுத்த முடிவு எடுத்ததுதான். த ஹூ குழு 1970 பிப்ரவரி 14இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வாசித்ததைக் கேளுங்கள். கச்சேரி நடந்தது அங்கே மாணவர்கள் சாப்பிடும் கூடத்தில். முதலில் வந்த 'லைவ் அட் லீட்ஸ்' தட்டில் ஆறே பாட்டு, அதில் மூன்று கவர். 1958இல் எடி காக்ரன் துள்ளலாகப் பாடிய 'சம்மர்டைம் ப்ளூஸ்' இங்கே இடிபோல் இறங்குகிறது. ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என்று மூன்றே வாத்தியம். நாங்கள் ஒன்பது பேர் மேடையேறியும் அந்தச் சத்தத்தில் பாதி வராது.

அமெரிக்காவின் நிர்வாணா குழு 1993 நவம்பரில் நியூயார்க்கில், பெரும்பாலும் அக்கூஸ்டிக் வாத்தியங்களோடு நடக்கும் எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சிக்காக வாசித்தது இதற்கு நேரெதிர். 14 பாட்டில் 6 பாட்டு அடுத்தவருடையது. தங்கள் பிரபலமான பாட்டுகளையே வாசிப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்கு முன்னால் டேவிட் போவியின் 1970ஆம் வருடத்துப் பாட்டு ஒன்று, லெட் பெல்லி பாடிய பழைய நாட்டுப்பாட்டு ஒன்று, வாஸ்லைன்ஸ் குழுவின் ஒன்று, மீட் பப்பெட்ஸ் குழுவின் மூன்று. மீட் பப்பெட்ஸின் அண்ணன் தம்பியையே மேடைக்கு அழைத்து உடன் வாசிக்க வைத்தார் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன். தனக்குப் பிடித்ததை ஊருக்குப் போட்டுக் காட்டுகிற ஆசை அதில் தெரியும். ஒத்திகை முடிந்து நாங்கள் செய்வதும் அதேதான், மேடையும் கேமராவும் இல்லாமல்.

சரி, நாமே ஒன்று செய்து பார்க்க வேண்டுமென்றால்? 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' நல்ல ஆரம்பம். யார் எழுதியது என்றே தெரியாத அமெரிக்க நாட்டுப்பாட்டு. 1933இலேயே பதிவாகியிருக்கிறது. வாழ்க்கை கெட்டுப்போன பெண்ணொருத்தி பாடுவதாகப் பழைய வடிவங்கள் பல உண்டு. இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழு 1964இல் அதை ஆண் பாடுவதாக மாற்றி, மின்கிட்டாரில் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து வாசித்து, ஆர்கனும் சேர்த்துக் கொடுத்தது. இன்றைக்குக் கிட்டார் வகுப்பில் ஏ மைனர், சி, டி, எஃப் கற்றவுடன் எல்லோரும் வாசிப்பது இந்த வடிவத்தைத்தான்.

நாங்கள் இதை ஒத்திகையில் பம்பையோடு வாசித்துப் பார்த்தோம். பாட்டு தகிட தகிட என்று போவதால், கோயிலில் பம்பை வாசித்து வளர்ந்த எங்கள் ரிதம் பேடு தம்பிக்கு அது உடனே கைக்கு வந்தது. முதல் சரணத்துக்குப் பம்பையும் பேஸும் மட்டும், கார்ட் வாசிக்க யாரும் கிடையாது என்று முடிவு செய்தோம். அனிமல்ஸ் பாடகர் போகும் உயரம் எங்கள் பாடகருக்கு எட்டாது, அதனால் இரண்டு கட்டை இறக்கினோம். இறக்கியதும் அலறல் போய்ப் புலம்பலாகிவிட்டது. அலறலைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. ஆர்கன் பிட் வரும் இடத்தில் கீபோர்டு அண்ணன் மட்டும் பிடிவாதமாக இருந்தார். "அதை மாத்தினா அப்புறம் அந்தப் பாட்டுன்னு யாருக்குப்பா தெரியும்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. எதை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால் எதைத் தொடக்கூடாது என்று ஒரு முடிவு வேண்டும். எங்களுக்கு அந்த ஆர்கன் பிட். ஹெண்ட்ரிக்ஸுக்கு அந்த மூன்று கார்ட். காக்கருக்கு அந்தக் கேள்வி பதில்.

இதனால் அச்சு அசலாக வாசிப்பது மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பாட்டின் பேஸ் எங்கே நடக்கிறது, வயலின் எந்த அடியில் நுழைகிறது என்று காதால் கேட்டே எடுத்தவனுக்குத்தான் எதை எடுத்துப் போட்டால் பாட்டு நிற்கும், எதை எடுத்தால் விழும் என்று தெரியும். கிருஷ்ணகிரி, ஓசூர் மேடைகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஒரே இரவில் மூன்று மொழிப் பாட்டையும் வாசிக்கும் ஆட்களுக்கு அந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது. விழா மேடையில் கமிட்டிக்காரர் கேட்பதை வாசியுங்கள், சோதனையை ஒத்திகையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்து வெளியிடப்போகிறவர்களுக்குச் சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31சி பிரிவு கவர் பதிவுகளுக்கானது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் கழிய வேண்டும், முன்கூட்டியே அறிவித்து ராயல்டி கட்ட வேண்டும், அதுவும் பொதுவாகக் குறைந்தது 50,000 பிரதிக் கணக்கில். பதிவுக்குத் தொழில்நுட்ப ரீதியில் தேவைப்படும் மாற்றத்தைத் தவிர, வரியிலோ மெட்டிலோ கை வைக்க உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, இந்தக் கட்டுரை முழுக்க நான் புகழ்ந்த வேலையைச் செய்வதற்கு நேராக உரிமையாளரிடம் கேட்பதே வழி. யூடியூபில் போட்டால் மெட்டைக் கண்டுபிடித்து விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு உண்டு, சில சமயம் வீடியோவையே தடுத்துவிடுவார்கள். நாட்டுப்பாட்டில் இந்தச் சிக்கல் குறைவு, 'ரைசிங் சன்'னை நான் முதலில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆளுக்கு ஒரு ஜோடி சொல்லி முடிக்கிறேன். பேஸ், டிரம்ஸ் வாசிக்கிறவர்களுக்கு 'கிராஸ்ரோட்ஸ்': 1936இல் ராபர்ட் ஜான்சன் ஒற்றைக் கிட்டாரோடு பாடியது முதலில், 1968 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் கிரீம் குழு வாசித்தது அடுத்தது. கிட்டார் சோலோ ஓடும்போது பேஸ்காரர் ஜாக் ப்ரூஸ் தானும் ஒரு சோலோ வாசித்துக்கொண்டிருப்பார். பாடுகிற பெண்களுக்கு 'ப்ரௌட் மேரி': கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் 1969, ஐக்கும் டினா டர்னரும் 1971. டினா முதலில் மெதுவாகத் தொடங்கிப் பாதியில் வண்டியை முழு வேகத்துக்கு விடுவார், மூச்சுப் பயிற்சி இருந்தால் மட்டும் முயற்சி செய்யுங்கள். கீபோர்டுக்கு அனிமல்ஸின் ஆர்கன். கிட்டார்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் இந்நேரம் 'வாட்ச்டவர்' சோலோவின் இரண்டாவது துண்டில் உட்கார்ந்திருப்பார்கள்.